சோலைக்காட்டு மரங்களின் காலநிலைத் தகவமைவு

சோலைக்காட்டு மரங்களின் காலநிலைத் தகவமைவு என்பது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ள உயர்மலைகளில் இயற்கையாக வளரும் சோலைக்காட்டு மரங்கள், மாறும் வெப்பநிலை, மழை, உறைபனி, மூடுபனி ஆகியவற்றுக்கு ஏற்பத் தம் உடலமைப்பையும் செயற்பாட்டையும் வாழிடப் பரப்பையும் மாற்றிக்கொள்ளும் வழிமுறைகளைக் குறிக்கும். பனியூழிக் காலத்தின் வறட்சியையும் அதன் பின்னர் வந்த கடும் பருவமழைக் காலத்தையும் கடந்து வந்தவை இம்மரங்கள். எனினும் அம்மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. 20ஆம் நூற்றாண்டு முதல் விரைவு பெற்றுள்ள புவி வெப்பமாதலோ ஒரு மரத்தின் வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்கிறது. இவ்விரைவும், மலையுச்சிக்கு மேல் நகர இடமின்மையும், அயல்நாட்டு மரங்களின் பரவலும் ஒருங்கே சேர்வதால், சோலைமரங்களின் தகவமைவு காலநிலை மாற்றம் குறித்த ஆய்வுகளில் தனிக் கவனம் பெற்றுள்ளது.

## சோலைக்காடுகள்

சோலை என்னும் தமிழ்ச் சொல்லே உலகெங்கும் தாவரவியல் நூல்களில் இக்காட்டு வகையின் பெயராக வழங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், நீலகிரி, ஆனைமலை, பழனிமலை முதலிய மலைத்தொகுதிகளில் சோலைகள் காணப்படுகின்றன. இவை தொடர்ச்சியான பெருங்காடுகள் அல்ல. மலைச்சரிவின் மடிப்புகளிலும் ஓடைகளின் ஓரங்களிலும் திட்டுத் திட்டாக அமைந்தவை. இத்திட்டுகளைச் சூழ்ந்து பரந்த புல்வெளிகள் உள்ளன. காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை பெரும்பாலும் சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே முடிந்துவிடும். இவ்விரண்டும் சேர்ந்த நிலத்தோற்றம் 'சோலை-புல்வெளித் தொகுதி' எனப்படுகிறது.

இம்மலைகளின் உயர்ந்த சிகரங்களாக ஆனைமுடி (2,695 மீ), தொட்டபெட்டா (2,637 மீ), முக்கூர்த்தி (2,554 மீ) ஆகியவற்றைக் குறிப்பிடலாம். தாழ்நிலச் சூழலால் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டிருப்பதால், இவ்வுயர்மலைகளைச் சூழலியலாளர் 'வானத்தீவுகள்' என்றும் அழைப்பர்.

## முதன்மையான மரங்கள்

சோலைகளில் இலவங்கக் குடும்பம், நாவல் குடும்பம், காப்பிக் குடும்பம் முதலியவற்றைச் சேர்ந்த மரங்கள் மிகுந்துள்ளன. தகவமைவு நோக்கில் குறிப்பிடத்தக்க சில:

* காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான் ஆர்போரியம், நீலகிரிகம் துணையினம்): செந்நிறப் பூக்கள் கொண்டது. தடித்த பட்டையும், அடிப்புறத்தில் மென்மயிர் அடர்ந்த தடித்த இலைகளும் உடையது. சோலையின் விளிம்பிலும், சூழ்ந்துள்ள புல்வெளியில் தனித்தும் வளரக்கூடிய மிகச் சில உள்நாட்டு மரங்களுள் ஒன்று. இதன் நெருங்கிய உறவினங்கள் இமயமலையில் உள்ளன.
* காட்டுச் செண்பகம் (மேக்னோலியா நீலகிரிகா): மணமுள்ள வெளிர்நிறப் பூக்கள் உடையது. செந்நிற உறையுடன் கூடிய இதன் விதைகளைப் பறவைகள் உண்டு பரப்புகின்றன.
* மலைநாவல் இனங்கள் (சைசீசியம் பேரினம்): தடித்த சிறு இலைகளும் செந்நிறத் தளிர்களும் கொண்டவை. கனிகள் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவாகின்றன.
* இலவங்க இனங்கள் (சின்னமோமம், லிட்சியா, நியோலிட்சியா பேரினங்கள்): நறுமண எண்ணெய் கொண்ட இலைகளை உடையவை. காட்டின் உட்பகுதி நிழலில் நாற்றாக நெடுங்காலம் காத்திருக்கக்கூடியவை.

சோலையின் விளிம்பில் தவிட்டுப்பழம், மகோனியா போன்ற புதர்கள் அரணாக அமைகின்றன. காற்றையும் நேரடி வெயிலையும் தடுத்து, உட்பகுதியின் ஈரத்தை இவை காக்கின்றன.

## மரங்கள் மாறும் வழிகள்

இடம்விட்டு இடம் செல்ல இயலாத ஒரு மரம் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகள் மூன்று.

1. தனிமரத்தின் இணக்கம்: ஒரே மரம் தன் வாழ்நாளுக்குள் செய்துகொள்ளும் மாற்றம். வறண்ட ஆண்டில் இலைத்துளைகளை மூடி நீரிழப்பைக் குறைத்தல், புதிய இலைகளைத் தடிப்பாகவோ சிறிதாகவோ உருவாக்குதல், தளிர்க்கும் காலத்தையும் பூக்கும் காலத்தையும் மாற்றுதல் ஆகியன இதில் அடங்கும். இது சில நாட்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் நிகழக்கூடியது.
2. மரபுவழித் தகவமைவு: புதிய சூழலைத் தாங்கும் மரங்கள் மிகுதியாக விதை ஈன்று, அவற்றின் பண்புகள் அடுத்தடுத்த தலைமுறைகளில் பெருகுதல். சோலைமரங்கள் மெதுவாக வளர்பவை. எனவே ஒரு தலைமுறைக்கே பல பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன.
3. இடப்பெயர்வு: மரம் நகராவிடினும் அதன் விதை நகரும். ஏற்ற சூழல் உள்ள இடத்தில் நாற்றுகள் பிழைப்பதாலும், ஏலாத இடத்தில் முதிர்ந்த மரங்கள் மடிவதாலும் ஓர் இனத்தின் வாழிடம் காலப்போக்கில் இடம் மாறுகிறது.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. முதலாவது காலத்தைப் பெற்றுத்தருகிறது. அக்காலத்துக்குள் மற்ற இரண்டும் நடந்தேறினால்தான் ஓர் இனம் நிலைத்து வாழும்.

## உடலமைப்புத் தகவமைவுகள்

### உருவம்

தாழ்நில மழைக்காட்டு மரங்கள் 30 மீட்டருக்கு மேல் வளர்வது வழக்கம். சோலைமரங்களோ பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டர் உயரத்திலேயே நின்றுவிடுகின்றன. முறுக்கேறிய கிளைகளும் குடைபோல் கவிந்த அடர்ந்த முடியும் கொண்ட இவ்வுருவம் கடுங்காற்றுக்கு ஏற்றது. பல மரங்களின் முடிகள் நெருங்கி இணைந்து ஒரே கூரைபோல் அமைவதால், வெளியே வீசும் காற்றும் வெப்ப ஏற்றத்தாழ்வும் காட்டின் உள்ளே பெரிதும் தணிகின்றன.

### இலைகள்

சோலைமர இலைகள் பொதுவாகச் சிறியவை, தடித்தவை, மெழுகுப் படலம் கொண்டவை. உயர்மலையில் புறவூதாக் கதிர்வீச்சு மிகுதி. குளிர்காலத்தில் பகல் வெயில் கடுமையாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். குளிர்ந்த இலையால் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்த இயலாது. எஞ்சும் ஆற்றல் இலையின் திசுக்களைச் சிதைக்கும். பல சோலைமரங்களின் தளிர்கள் செந்நிறமாக இருப்பதற்குக் காரணமான அந்தோசயனின் என்னும் நிறமி, இளந்திசுவை மிகை ஒளியிலிருந்து காப்பதாகக் கருதப்படுகிறது. தளிர்க்காலத்தில் சோலை முழுவதும் சிவப்பும் செம்பழுப்புமாகத் தோன்றுவது இதனாலேயே.

### மூடுபனி நீர்

சோலைகள் மூடுபனிக் காடுகள் என்னும் உலகளாவிய வகையைச் சேர்ந்தவை. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் இலைகளிலும், கிளைகளில் படர்ந்துள்ள பாசி, மரக்காளான், பன்னம், ஆர்க்கிட் ஆகியவற்றிலும் படிந்து, ஒன்றுசேர்ந்து நிலத்தில் சொட்டுகின்றன. மழையற்ற நாட்களிலும் காட்டுத் தரை ஈரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், மூடுபனி சூழ்ந்துள்ள வேளையில் இலைகளிலிருந்து நீராவிப்போக்கு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆகவே மூடுபனி, மரத்துக்கு நீரை வழங்குவதோடு அதன் நீர்ச்செலவையும் குறைக்கிறது.

### மண்ணும் வேர்களும்

குளிரில் இலைச்சருகு மெதுவாகவே மட்குவதால், சோலையின் தரையில் கருமையான தடித்த மட்கு அடுக்கு உருவாகிறது. இது மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களில் மெல்ல வெளிவிடுகிறது. இம்மண் மரங்களே உருவாக்கிக்கொண்ட சேமிப்பாகும். மரங்கள் அகற்றப்பட்டால் இச்சேமிப்பும் அழிகிறது.

## உறைபனி: சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை

ஒரே மலை, ஒரே மழை, ஆயினும் ஓரிடத்தில் அடர்காடு, பத்தடி தள்ளி வெறும் புல் என்பது ஏன் என்னும் கேள்வி நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. 1930களில் இது குறித்து இரு கருத்துகள் நிலவின. நெருப்பும் மேய்ச்சலும் காட்டை அழித்ததால் உருவானவையே புல்வெளிகள் என்றனர் ஒரு சாரார். உறைபனியே மரங்களைத் தடுக்கிறது, எனவே புல்வெளிகள் இயற்கையானவை என்றனர் மற்றொரு சாரார். பிற்கால ஆய்வுகள் புல்வெளிகளின் தொன்மையை உறுதிசெய்துள்ளன. எனினும் எல்லையை இன்றைய இடத்தில் நிறுத்துவதில் நெருப்புக்கும் தோடர்களின் எருமை மேய்ச்சலுக்கும் பங்குண்டு எனக் கருதப்படுகிறது.

உறைபனி செயற்படும் முறை எளியது. குளிர்காலத்தில் வானம் தெளிவாக உள்ள இரவுகளில், திறந்த நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கித் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. அங்கு வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்குக் கீழ் சென்று, புல்லின்மேல் பனி வெண்மையாக உறைகிறது. புல்லின் மேற்பகுதி கருகினாலும், நிலத்துக்குள் உள்ள தண்டிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். மர நாற்றுக்கு அவ்வாய்ப்பு குறைவு. உறைந்த திசுவின்மீது மறுநாள் காலை விழும் கடும் வெயில் சேதத்தை மேலும் பெருக்குகிறது.

சோலையின் உட்பகுதியில் நிலைமை வேறு. அடர்ந்த முடி, நிலம் இழக்கும் வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் அங்கு உறைபனி அரிதாகவே ஏற்படுகிறது. அதாவது, சோலைமரத்தின் குழவி பிழைப்பதற்குத் தேவையான காலநிலையை முதிர்ந்த சோலையே உண்டாக்குகிறது. காடு இருக்கும் இடத்தில் காடு தொடர்வதும், புல் இருக்கும் இடத்தில் புல் தொடர்வதும் இதன் விளைவு.

## கடந்தகாலக் காலநிலை மாற்றங்கள்

நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் மட்காத தாவர எச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்து முற்றாநிலக்கரியாக உருவாகியுள்ளன. பல்லாயிரம் ஆண்டுகாலத் தாவர வரலாறு இப்படிவுகளில் பதிந்துள்ளது.

ஒளிச்சேர்க்கை முறையின் அடிப்படையில், சோலைமரங்கள் சி3 தாவரங்கள் என்னும் வகையையும், வெப்பமண்டலப் புற்களுள் பல சி4 தாவரங்கள் என்னும் வகையையும் சேர்ந்தவை. இவ்விரு வகைகளும் காற்றிலிருந்து கரிமம்-13 என்னும் ஓரிடத்தானை வெவ்வேறு அளவில் ஏற்கின்றன. எனவே படிவின் ஒவ்வொர் அடுக்கிலும் உள்ள கரிமம்-13 விகிதத்தை அளந்தால், அக்காலத்தில் அவ்விடத்தைச் சூழ்ந்திருந்தவற்றுள் எவ்வகைத் தாவரம் மிகுதி என அறியலாம். ஆர். சுகுமார் முதலான ஆய்வாளர்கள் இம்முறையில் மேற்கொண்ட ஆய்வு, 1993ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் வெளியானது.

இவ்வாய்வும் இதனைத் தொடர்ந்த பிற ஆய்வுகளும் காட்டும் பொதுவான போக்கு வருமாறு:

* பனியூழியின் உச்சக்கட்டத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பருவமழை நலிந்திருந்தது. சி4 புற்கள் பரவியிருந்தன. வளிமண்டலத்தில் கரியமில வாயுவின் அளவு மில்லியனில் 190 பங்கு அளவுக்குக் குறைந்திருந்ததும் அவற்றுக்கு உதவியது. சோலைகள் ஈரம் எஞ்சிய மடிப்புகளுக்குள் சுருங்கின.
* பனியூழி முடிந்து, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பருவமழை மிகவும் வலுப்பெற்றது. சி3 தாவரங்கள் பெருகின.
* அதன் பின்னர், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், மீண்டும் ஒரு வறட்சிக் கட்டம் வந்தது. புல்வெளிகள் மறுபடி விரிந்தன.

சோலையும் புல்வெளியும் ஒரே நிலத்தில் பலமுறை இடம் மாறியுள்ளன என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. மோசமான காலத்தில் மரங்கள் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிப் பிழைத்தன. நல்ல காலத்தில் அங்கிருந்து மீண்டும் பரவின. இவ்வாறான ஒதுங்கிடங்கள் அழியாமல் இருந்ததே சோலை இனங்கள் இன்றுவரை எஞ்சியிருப்பதற்குக் காரணம்.

## தற்கால மாற்றமும் அதன் விளைவுகளும்

### விரைவு

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பனியூழியின் உச்சத்தில் புவியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 5 முதல் 7 பாகை செல்சியசு குறைவாக இருந்தது. அவ்வேறுபாடு நிரம்பப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. நூற்றாண்டுக்குச் சராசரியாக 0.1 பாகை அளவே வெப்பநிலை உயர்ந்தது எனலாம். அதே மதிப்பீட்டின்படி, 1850-1900 காலப்பகுதியோடு ஒப்பிடுகையில் 2011-2020 பத்தாண்டில் புவி 1.1 பாகை வெப்பமடைந்திருந்தது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 0.7 பாகை உயர்ந்துள்ளதாகப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது. இன்று முதிர்ந்து நிற்கும் சோலைமரங்கள் பல, இவ்வுயர்வு தொடங்குவதற்கு முன்பிருந்த குளிரில் முளைத்தவை.

### உயரம்

மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். எனவே வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால், முன்பிருந்த அதே குளிரைப் பெற ஓர் இனம் ஏறத்தாழ 165 மீட்டர் மேலே செல்ல வேண்டும். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மலைத்தொகுதியின் உச்சியான தொட்டபெட்டாவுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ 400 மீட்டரே. இது 2.4 பாகை வெப்ப உயர்வுக்கு இணையானது. அதற்கு மேல் மலை இல்லை. மேலும், உச்சியை நெருங்க நெருங்க நிலப்பரப்பும் குறுகுகிறது.

### மூடுபனியும் மழையும்

காற்று வெப்பமடையும்போது நீராவி குளிர்ந்து மேகமாகும் உயரமும் மேலெழும் என 1999ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கணினி மாதிரி ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. மேக அடிமட்டம் உயர்ந்தால், தாழ்ந்த உயரங்களில் உள்ள மூடுபனிக் காடுகள் தம் நீர்வரவில் ஒரு பகுதியை இழக்கும். மரங்களைவிட, அவற்றின் கிளைகளில் வாழும் பாசிகளும் ஆர்க்கிடுகளும் முதலில் பாதிக்கப்படும்.

மழை பெய்யும் முறையும் மாறிவருகிறது. 2019 ஆகத்து மாதத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. இத்தகைய பெருமழையில் ஆழ்ந்த மட்கு மண்ணும் பின்னிய வேர்களும் கொண்ட சோலைச் சரிவுகள் நீரைத் தாங்கி வைக்க, வெட்டித் திருத்தப்பட்ட சரிவுகள் மண்சரிவுக்கு எளிதில் ஆளாகின்றன.

### கரியமில வாயு

வளிமண்டலத்தில் கரியமில வாயுவின் அளவு தொழிற்புரட்சிக்கு முன்னர் மில்லியனில் 280 பங்காக இருந்து, 2020களில் 420 பங்கைக் கடந்துள்ளது. சி3 தாவரங்களுக்கு இது ஓரளவு சாதகமானது. இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே போதிய வாயுவைப் பெறலாம் என்பதால் நீரிழப்பு குறைகிறது. ஆனால் இச்சாதகம் சோலைமரங்களுக்கு மட்டும் உரியதன்று. அவற்றோடு போட்டியிடும் அயல் மரங்களும் சி3 தாவரங்களே.

## இடப்பெயர்வுக்கான தடைகள்

சோலைகள் பரவுவதற்கு விதைகள் நகர வேண்டும். பல சோலைமரங்களின் சதைப்பற்றுள்ள கனிகளை நீலகிரிக் காட்டுப்புறா, சின்னான் வகைகள், சிரிப்பான்கள் முதலிய பறவைகள் உண்டு பரப்புகின்றன. இப்பறவைகளுள் பல, அடர்ந்த காட்டைவிட்டு வெகுதொலைவு செல்லாதவை. இலவங்கக் குடும்ப மரங்கள் பலவற்றின் விதைகள் உலர்ந்தால் முளைக்கும் திறனை இழக்கும். ஆகவே அவை நல்ல காலம் வரும்வரை மண்ணில் காத்திருக்க இயலாது.

மலைத்தொகுதிகளுக்கு இடையேயுள்ள தாழ்நிலம் மற்றொரு தடை. நீலகிரியையும் ஆனைமலையையும் பிரிக்கும் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடையது. குளிரும் ஈரமும் விரும்பும் சோலைமரம் இவ்வெப்பமான இடைவெளியைக் கடப்பது அரிது. ஒரே மலைத்தொகுதிக்குள்ளும், தேயிலைத் தோட்டங்களும் காய்கறி நிலங்களும் சாலைகளும் குடியிருப்புகளும் சோலைத் திட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று துண்டித்துள்ளன.

## அயல் மரங்களின் போட்டி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆத்திரேலியாவிலிருந்து தைலமரமும் (யூகலிப்டசு), நீலகிரி மக்களால் சீகைமரம் எனப்படும் வாட்டிலும் (அக்கேசியா மெர்ன்சியை) விறகுக்காகக் கொண்டுவரப்பட்டன. கூந்தலுக்குப் பயன்படும் சீயக்காயிலிருந்து இது வேறுபட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் புல்வெளிகளில் இவை பெருமளவில் நடப்பட்டன. புல்வெளி 'வீண்நிலம்' எனக் கருதப்பட்டதே இதற்கு அடிப்படை.

பழனிமலையைப் பற்றிச் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் 2018இல் வெளியான ஆய்வு, 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் அங்கு புல்வெளி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், சோலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைந்துள்ளதாகக் கண்டறிந்தது. அவற்றின் இடத்தை மரத்தோட்டங்களும் வேளாண் நிலங்களும் பிடித்துள்ளன.

வாட்டில், காலநிலை மாற்றத்தைச் சோலைமரங்களைவிட விரைவாகப் பயன்படுத்திக்கொள்ளும் இயல்புடையது. அது விரைந்து வளர்கிறது. வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிரிகளின் துணையால் காற்றிலுள்ள நைதரசனைப் பயன்படுத்துகிறது. அதன் விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிர்ப்புடன் கிடந்து, நெருப்புக்குப் பின்னர்த் திரளாக முளைக்கின்றன. நீலகிரியில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான களச்சோதனை ஒன்று, உறைபனி உள்நாட்டு மரநாற்றுகளைப் புல்வெளிக்குள் வராமல் தடுக்கிறது என்பதையும், அயல் மரப் படையெடுப்பும் வெப்பமாதலும் அச்சமநிலையைக் குலைக்கக்கூடும் என்பதையும் காட்டியது. வெப்பமாதலால் உறைபனி குறைந்து புல்வெளி திறக்கும்போது, அங்கு முதலில் நுழைவது சோலையாக இராமல் வாட்டிலாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதிர்ந்த அயல் மரத்தோட்டங்கள் சிலவற்றின் நிழலில், அருகில் சோலை உள்ள இடங்களில், சோலைமர நாற்றுகள் தாமாகவே முளைத்து வளர்வது பழனிமலையிலும் பிற இடங்களிலும் காணப்பட்டுள்ளது. தோட்ட மரங்களின் முடி, உறைபனியையும் வெயிலையும் தடுத்து, சோலை தரும் காப்பை ஓரளவு தருவதே காரணம். எனவே அயல் மரங்களை அகற்றும்போது எல்லா இடங்களுக்கும் ஒரே முறை பொருந்தாது.

## நீர்வளத்துடன் தொடர்பு

சோலை-புல்வெளித் தொகுதி பல ஆறுகளின் தோற்றுவாய். பவானியும் மோயாறும் நீலகிரி நீரைச் சுமந்து பவானிசாகரில் சேர்கின்றன. பழனிமலை ஓடைகள் வைகைக்கும் அமராவதிக்கும் நீர் அளிக்கின்றன. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையமும் இம்மலைநீரையே நம்பியது.

உதகமண்டலம் அருகே கிளென்மார்கனில் 1968 முதல் நடத்தப்பட்ட நீர்ப்பிடிப்பு ஆய்வில், ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி புல்வெளியாக விடப்பட்டு, மற்றொன்றின் ஒரு பகுதியில் தைலமரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் தைலமரப் பகுதியின் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டப்பட்ட மரங்கள் மீண்டும் துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் இக்குறைவு மேலும் மிகுந்தது. மரம் நட்டால் நீர் பெருகும் என்னும் பொதுக்கருத்து இப்புல்வெளிகளுக்குப் பொருந்தாது என்பதற்கு இவ்வாய்வு சான்றாகக் காட்டப்படுகிறது.

## பாதுகாப்பும் மீட்டெடுப்பும்

முக்கூர்த்தி தேசியப் பூங்கா தமிழ்நாட்டில் சோலை-புல்வெளித் தொகுதியைக் காக்கும் முதன்மையான பகுதியாகும். கேரளத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா 1978இலும், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை ஆகியன 2003இலும் தேசியப் பூங்காக்களாயின. கோத்தகிரி அருகே 116 எக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை, சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர் ஆதாரமாகும். இது 2024இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முதன்மை பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. படையெடுக்கும் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்டெடுப்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.

சோலைமரங்களின் தகவமைவுக்கு உதவக்கூடியனவாகப் பின்வரும் நடவடிக்கைகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

* எஞ்சியுள்ள சோலைகளை, அவை எவ்வளவு சிறியனவாயினும், விளிம்புப் புதர்களுடன் சேர்த்துக் காத்தல். வறண்ட பள்ளத்தாக்குகளைவிட ஆண்டு முழுதும் ஈரம் தங்கும் மடிப்புகளுக்கு முன்னுரிமை அளித்தல்.
* புல்வெளியில் எவ்வகை மரத்தையும், சோலைமரத்தையும் உட்பட, நடாதிருத்தல்.
* வாட்டில் புதிதாகப் பரவும் இடங்களில் இளங்கன்றுகளை உடனுக்குடன் களைதல். முழுத்தோட்டத்தையும் ஒரேயடியாக வெட்டினால், மண்ணில் உறங்கும் விதைகள் திரளாக முளைக்கும் என்பதால் பல ஆண்டுகள் தொடர்ந்து களையெடுக்க ஆயத்தமாக இருத்தல்.
* சோலை நாற்றுகள் வளர்ந்துவரும் பழைய தோட்டங்களில் அயல் மரங்களைச் சிறிது சிறிதாக மட்டுமே அகற்றுதல்.
* நாற்றுப்பண்ணைகளுக்கு விதை சேர்க்கும்போது ஒரே தாய்மரத்தை நம்பாமல், வெவ்வேறு உயரங்களிலும் சரிவுகளிலும் உள்ள பல மரங்களிலிருந்து சேர்த்தல். இதனால் மரபுப் பன்மை காக்கப்பட்டு, மரபுவழித் தகவமைவுக்கு இடம் கிடைக்கிறது.

இந்நடவடிக்கைகள் வெப்பமாதலைத் தடுப்பன அல்ல. பனியூழிக் காலத்தில் ஈரமான மடிப்புகள் அளித்ததைப் போன்ற ஒதுங்கிடங்களையும் காலத்தையும் சோலைமரங்களுக்கு அளிப்பதே இவற்றின் நோக்கம்.

## இவற்றையும் பார்க்கவும்

* சோலைக்காடு
* மேற்குத் தொடர்ச்சி மலை
* நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம்
* முக்கூர்த்தி தேசியப் பூங்கா
* நீலகிரி வரையாடு
* குறிஞ்சிச் செடி
* புவி வெப்பமாதல்